வாசகர் கேட்டவை: புனித கத்பர்ட்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், அப்போதைய நார்தம்பிரியா நாட்டில் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் லிண்டிஸ்ஃபார்ன் ஆயர் புனித கத்பர்ட். திருநாள் மார்ச் 20. அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கத்பர்ட் இறந்து 20 ஆண்டுகூட ஆவதற்கு முன், அவரோடு பழகியவர்களிடம் கேட்டு லிண்டிஸ்ஃபார்ன் துறவி ஒருவர் தம் பெயரைச் சொல்லாமலே அவருடைய வரலாற்றை எழுதினார். 721 வாக்கில் ஜாரோ மடத்துத் துறவி புனித பீட் அதை விரித்து எழுதினார். அதன்பின் 400 ஆண்டு கழித்து, அவர் உடல் போய்ச் சேர்ந்திருந்த டரம் நகரில் வேறொரு கதைத் தொகுதி கிளைத்தது. கீழே உள்ள கேள்விகளில் பாதி, பழைய வரலாறும் டரம் கதைகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால் எழுந்தவை.

ஆயராக இருந்ததே இரண்டு ஆண்டுதானாமே. அவருக்கு ஏன் இவ்வளவு பெயர்?

இரண்டு ஆண்டுகூட முழுதாக இல்லை. 684இல் பேராயர் தியோடர் தலைமையில் கூடிய மாமன்றம் அவரைத் தேர்ந்தெடுத்தது. தூதர்கள் போனார்கள், கடிதங்கள் போயின. ஃபார்ன் தீவில் தனிமைத் தவத்தில் இருந்தவர் அசையவில்லை. கடைசியில் அரசர் எக்ஃப்ரித்தே படகேறிப் போய் மண்டியிட்டுக் கேட்ட பிறகுதான் இசைந்தார். 685 மார்ச் 26, உயிர்ப்பு ஞாயிறு அன்று யார்க் நகரில் 7 ஆயர்கள் கூடித் திருப்பொழிவு செய்தார்கள். 686 கிறிஸ்து பிறப்பு விழா முடிந்ததும், முடிவு நெருங்குவதை உணர்ந்து தீவுக்கே திரும்பினார். 687 மார்ச் 20 அன்று இறந்தார்.

ஆனால் அவருடைய பணி ஆயர் பதவியோடு தொடங்கியதல்ல. 651இல், ஆடுகளுக்குக் காவலிருந்த இரவொன்றில், ஒளி சூழ ஓர் ஆன்மா விண்ணகம் போவதைக் கண்டார். லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை நிறுவிய புனித எய்டன் அந்த நேரத்தில்தான் இறந்தார் என்று பிறகு தெரியவந்தது. உடனே குதிரையேறி, கையில் ஈட்டியோடு மெல்ரோஸ் மடத்து வாசலுக்கு வந்தார். அங்கே போய்சில் என்ற மூத்த துறவியிடம் கற்றார். கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் தாயத்துக்கும் மந்திரத்துக்கும் திரும்பியபோது, மற்றப் போதகர்கள் ஏறத் தயங்கிய மலைக் குடிசைகளைத் தேடி நடந்தார். ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் மாதம் முழுவதும் மடத்துக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கினார். அவருக்கு வந்த பெயர் அந்த நடைக்கு வந்த பெயர்.

லிண்டிஸ்ஃபார்ன் மடத்தில் அவருக்கு எதிர்ப்பு இருந்ததா?

இருந்தது. 664 விட்பி மாமன்றத்துக்குப் பிறகு உரோமை முறைப்படி உயிர்ப்பு விழாவைக் கணக்கிட வேண்டும் என்றானது. அயர்லாந்து மரபில் வளர்ந்த மடத்தில் புதிய ஒழுங்கைக் கொண்டுவரும் பொறுப்பு கத்பர்டுக்கு. கூட்டத்தில் சிலர் கடுமையாகப் பேசுவார்கள். பேச்சு முற்றியதும் அவர் முகம் சுளிக்காமல் எழுந்து கூட்டத்தைக் கலைத்துவிடுவார். மறுநாள் எதுவுமே நடக்காததுபோல் வந்து, அதே அறிவுரையை மறுபடி சொல்வார். அவர்கள் இணங்கும்வரை இது நடந்தது. பங்குப் பேரவையில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த இடத்தைப் பீட் நூலில் ஒருமுறை படிப்பது நல்லது.

ஃபார்ன் தீவில் அவர் கட்டிய குடில் எப்படி இருந்தது? குகையா, கட்டடமா?

குகை இல்லை. பீட் தரும் விவரத்தைக் கொண்டு வரைபடமே போடலாம். ஏறக்குறைய வட்டமான சுற்றுச்சுவர். செங்கல் இல்லை, சுண்ணச் சாந்து இல்லை, செதுக்கிய கல்லும் இல்லை. கிடைத்த கல்லையும், நடுவில் தோண்டியெடுத்த புல்மண் கட்டிகளையும் மாற்றி மாற்றி அடுக்கியது. வெளியே நின்று பார்த்தால் சுவர் ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று அதிகம். உள்ளே அதைவிட மிக உயரம். ஏனென்றால் சுவரை ஏற்றாமல் தரைப் பாறையைக் குடைந்து இறக்கிவிட்டார். உள்ளே நின்றால் வானம் தவிர எதுவும் கண்ணில் படக்கூடாது என்பதே நோக்கம். சுவருக்குள் இரண்டு அறைகள்: ஒன்று செபக்கூடம், மற்றது குடியிருப்பு. கூரைக்குச் செதுக்காத மரமும் வைக்கோலும். படகுத்துறை அருகே விருந்தினருக்குத் தனியாகப் பெரிய வீடு ஒன்றும் இருந்தது.

தண்ணீர் இல்லாத பாறைத் தீவு அது. குடிலின் தரையையே தோண்டச் சொன்னார். மறுநாள் குழி நிறைந்திருந்தது. அது தரைமேல் வழிந்ததும் இல்லை, வற்றியதும் இல்லை என்கிறது பீட் நூல். அன்றாடக் கடன்களுக்காகக் கடலோரப் பாறைப் பிளவின்மேல் சிறு கொட்டகை போட 12 அடி உத்திரம் ஒன்று தேவைப்பட்டது. கொண்டுவருவதாகச் சொன்ன சகோதரர்கள் மறந்துவிட்டார்கள். சரியாக 12 அடி மரம் ஒன்றை அலை கொண்டுவந்து போட்டது. புனிதர் வரலாற்றில் கழிப்பிடத்து உத்திரத்துக்கும் இடம் தந்த நூல் இது. அதனால்தான் மற்ற விவரங்களையும் நம்பிப் படிக்க முடிகிறது.

உணவுக்கு முதலில் கோதுமை விதைத்தார். கோடை நடுவரை முளைக்கவே இல்லை. பருவம் கடந்த பிறகு பார்லி விதைத்தார், அது விளைந்தது. பறவைகள் கதிரில் இறங்கியபோது, "நீங்கள் விதைக்காததை ஏன் தொடுகிறீர்கள்? இறைவன் அனுமதி தந்திருந்தால் தின்னுங்கள், இல்லையென்றால் போங்கள்" என்ற பொருளில் பேசினார். அவை போய்விட்டன. விருந்தினர் வீட்டுக் கூரை வைக்கோலைப் பிய்த்த அண்டங்காக்கைகளையும் கண்டித்தார். மூன்று நாள் கழித்து அவற்றில் ஒன்று சிறகை விரித்துத் தலை தாழ்த்தி வந்தது. பிறகு இரண்டுமாகச் சேர்ந்து பன்றிக்கொழுப்புத் துண்டு ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்தன. வந்த சகோதரர்கள் தோல் காலணிகளுக்குப் பூசிக்கொள்ள அந்தக் கொழுப்பை எடுத்துக் கொடுப்பாராம்.

படத்தில் ஆயர் ஒருவர் கையில் வெட்டுண்ட தலையோடு நிற்கிறார். கத்பர்ட் மறைசாட்சியா?

இல்லை, அவர் நோயில் இறந்தவர். கையிலிருப்பது 642இல் போரில் கொல்லப்பட்ட நார்தம்பிரியா அரசர் புனித ஆஸ்வால்டின் தலை. 875இல் வைக்கிங் கடற்கொள்ளையருக்கு அஞ்சித் துறவிகள் தீவைவிட்டுக் கிளம்பியபோது, லிண்டிஸ்ஃபார்னில் இருந்த அந்தத் தலையையும் கத்பர்டின் பெட்டிக்குள் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். அதனால் வந்த அடையாளம். தலையில் மகுடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஐயமே வேண்டாம். காலடியில் நீர்நாய்கள் இருந்தாலும் அவர்தான்: கோல்டிங்ஹாம் மடத்துக்குப் போயிருந்தபோது இரவு முழுவதும் கழுத்தளவு கடல்நீரில் நின்று செபித்துக் கரையேறியவரின் பாதங்களை அவை மூச்சால் சூடேற்றி, மயிரால் துடைத்தன என்பது பழைய வரலாறு.

புதிதாகப் படமோ சுரூபமோ செய்யச் சொல்பவர்கள் கவனிக்க: உயர்ந்த கூர்முனைத் தலைப்பாகை வேண்டாம். ஆயர்கள் அதை அணியத் தொடங்கியது 11ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். உடை சாயமிடாத கம்பளி நிறம். கத்பர்ட் அப்படித்தான் உடுத்தினார், அவரைப் பார்த்து லிண்டிஸ்ஃபார்ன் துறவிகளும் சாய உடையை விட்டார்கள். மார்பில் சிலுவை போடலாம், ஆனால் நீளமாக வேண்டாம். அவர் கல்லறையில் கிடைத்தது சுமார் 6 செ.மீ. அகலமே உள்ள, நான்கு கைகளும் சமமான தங்கச் சிலுவை. சிவப்புக் கார்னெட் கற்கள் பதித்தது. உடைந்து ஒட்டுப்போட்ட தடமும் அதில் உண்டு. அணிந்து தேய்ந்த பொருள்.

கடல்வாத்துகளுக்கு உலகின் முதல் பாதுகாப்புச் சட்டம் போட்டவர் என்பது சரியா?

முதல் வரலாறுகள் இரண்டிலும் அது இல்லை. ஈடர் வாத்துகளோடு அவரை இணைப்பது 12ஆம் நூற்றாண்டு டரம் எழுத்து. நார்தம்பர்லாந்து கரையில் அவற்றுக்குக் 'கடி வாத்து' என்ற செல்லப்பெயர் இன்றும் வழங்குகிறது. 'கடி' என்பது கத்பர்டின் சுருக்கம்.

இறக்கும்போது பட்டினி கிடந்தார் என்று படித்தேன். யாரும் கவனிக்கவில்லையா?

கவனிக்க ஆளிருந்தது, கடல் விடவில்லை. மடத் தலைவர் ஹெரிஃப்ரித் நேரில் கண்டு பீடிடம் சொன்னது இது. நோய் தொடங்கியபோது பார்க்க வந்தவரைக் கத்பர்ட் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு 5 நாள் புயல். படகு போக வழியில்லை. காற்று தணிந்து திரும்பி வந்தபோது கத்பர்ட் குடிலில் இல்லை, படகுத்துறை அருகே விருந்தினர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் தம்மைத் தேடி அலையக்கூடாது என்று அவ்வளவு தூரம் நடந்து வந்து, ஐந்து பகல் ஐந்து இரவு அசையாமல் காத்திருந்திருக்கிறார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்குப் படுக்கை விரிப்பை விலக்கிக் காட்டினார். 5 வெங்காயம். வாய் வறண்டு எரியும்போதெல்லாம் இதைக் கொஞ்சம் கடித்துக்கொண்டேன் என்றார். ஒன்றே ஒன்றில் மட்டும், அதுவும் பாதிகூட இல்லாமல், கடித்த அடையாளம் இருந்தது. ஹெரிஃப்ரித் வெந்நீர் வைத்து, நெடுநாள் வீங்கிப் புண்ணாகிச் சீழ் வைத்திருந்த அவர் காலைக் கழுவினார். திராட்சை இரசத்தைச் சூடாக்கிக் கொடுத்தார்.

அடக்கம் பற்றிய பேச்சும் முக்கியமானது. தம்மைத் தீவிலேயே அடக்கச் சொன்னார் கத்பர்ட். காரணம் தாழ்ச்சி மட்டுமல்ல. "என் உடல் உங்களிடம் இருந்தால் தப்பியோடிவரும் குற்றவாளிகள் அடைக்கலம் தேடி வருவார்கள், அவர்களுக்காக நீங்கள் அதிகாரிகளிடம் மன்றாடியே களைத்துப்போவீர்கள்" என்று எச்சரித்தார். துறவிகள் விடாமல் கேட்கவே, அப்படியானால் ஆலயத்துக்கு உள்ளே அடக்குங்கள், யார் எப்போது வரலாம் என்பது உங்கள் கையில் இருக்கும் என்றார். அவர் சொன்னதுபோலவே நடந்தது. பிற்காலத்தில் டரம் பேராலயத்தின் வடக்கு வாசலில் சிங்கமுக வளையத்தைத் தட்டிய குற்றவாளிகளுக்கு 37 நாள் அடைக்கலம் கிடைத்தது.

இரவுச் செப வேளையில் நற்கருணை வாங்கி, கைகளை உயர்த்தியபடி இறந்தார். ஒரு துறவி இரண்டு தீப்பந்தங்களை ஏற்றி உயரமான இடத்தில் நின்று காட்டினார். அதுதான் முன்பே பேசிவைத்த அடையாளம். லிண்டிஸ்ஃபார்னில் அந்த நேரம் பாடிக்கொண்டிருந்தது, நம் விவிலியத்தில் 60ஆம் திருப்பாடல்: "கடவுளே, நீர் எங்களைக் கைவிட்டுவிட்டீர்" என்று தொடங்குவது.

அவர் உடல் இன்றும் அழியாமல் இருக்கிறதா?

ஆண்டு வாரியாகப் பார்ப்பதே நல்லது. 698இல், இறந்து 11 ஆண்டு கழித்து, எலும்புகளை எடுத்துத் தரைக்கு மேலே ஒரு பேழையில் வைத்து வணங்கலாம் என்று திறந்தார்கள். ஆயர் எட்பர்ட் அதை நினைவு நாளான மார்ச் 20 அன்றே செய்யச் சொல்லியிருந்தார். எலும்பை எதிர்பார்த்தவர்கள் முழு உடலைக் கண்டார்கள். மூட்டுகள் மடங்கின, துணி நிறம் மங்கவில்லை. 1104இல் டரம் பேராலயத்தில் புதிய இடத்துக்கு மாற்றும்போது, முதலில் ஒன்பது துறவிகள் இரவில் திறந்து பார்த்தார்கள். வெளியார் சிலர் நம்பாததால், செயே மடத் தலைவர் ரால்ஃப் பலர் முன்னிலையில் மறுபடி சோதித்து உறுதி சொன்னார். எட்டாம் ஹென்றி காலத்தில் திருக்கல்லறையை இடித்தவர்களும் உடலை முழுதாகக் கண்டதாகவே பதிவு. 1827 மே மாதம் ஜேம்ஸ் ரெய்ன் என்ற பேராலய நூலகர் முன்னிலையில் திறந்தபோது இருந்தது எலும்புக்கூடு. அதோடு மார்புச் சிலுவை, தந்தச் சீப்பு, சிறு பயணப் பீடம், பட்டுத் துணிகள், 698இல் செய்த ஓக் பேழையின் துண்டுகள் ஆகியவையும் இருந்தன.

ஆகவே இன்றைய விடை: இல்லை. இதைச் சொல்லத் தயங்கத் தேவையில்லை. உடல் அழியாமை புனிதர் நிலைக்கு நிபந்தனையும் அல்ல. 698இல் கண்டவர்கள் அந்த உடலை அடக்கிய அதே மடத்தினர். அவர்கள் சாட்சி அவர்கள் காலத்துக்கு. எஞ்சியதை வணங்குவது நம் காலத்துக்கு.

திருத்தந்தை யாரும் அவரைப் புனிதராக அறிவிக்கவில்லையாமே?

அந்த முறையே அப்போது இல்லை. திருத்தந்தை முறைப்படி அறிவித்ததாக நமக்குத் தெரிந்த முதல் புனிதர் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக், ஆண்டு 993. அதற்கு முன் உள்ளூர் ஆயர் இசைவோடு உடலைத் தரைக்கு மேல் உயர்த்துவதே அறிவிப்பு. கத்பர்டுக்கு அது 698.

அவர் பெண்களை வெறுத்தார், கல்லறை அருகே விடவில்லை என்கிறார்கள். உண்மையா?

டரம் பேராலயத்தில், மேற்குப் பக்கத்துத் தரையில், கருஞ்சலவைக் கல் கோடு ஒன்று உண்டு. பெண்கள் அதைத் தாண்டக்கூடாது என்ற விதியும் இருந்தது. 1170களில் ஆயர் ஹியூ, அன்னை மரியா சிற்றாலயத்தைக் கிழக்கே தொடங்கி, சுவர் விரிசல் விட்டதும் கத்பர்டுக்கு விருப்பமில்லை என்று சொல்லி மேற்கு வாசலுக்கு மாற்றிக் கட்டியதும் உண்மை.

ஆனால் இதில் எதுவும் கத்பர்டின் செயல் அல்ல. 1083இல் டரமில், கல்லறையைத் தலைமுறைகளாகக் காத்துவந்த மணமான குருக்களை வெளியேற்றி பெனடிக்ட் சபைத் துறவிகளைக் குடியேற்றினார்கள். அந்த மாற்றத்துக்கு நியாயம் தேவைப்பட்ட காலத்தில்தான் பெண்களை ஒதுக்கும் கத்பர்ட் எழுத்தில் வருகிறார். பீட் காட்டும் கத்பர்டோ தம்மை வளர்த்த கென்ஸ்வித்தை அம்மா என்றே அழைத்து அடிக்கடி போய்ப் பார்த்தவர்; கோல்டிங்ஹாம் மடத் தலைவி எபா அழைத்ததும் போனவர்; விட்பி மடத் தலைவி எல்ஃபிளெட் கேட்டபடி கோக்கெட் தீவுக்குப் படகேறிப் போய் அவரோடு உரையாடியவர். நோயுற்ற எல்ஃபிளெட்டுக்குத் தம் நார்ப்பட்டு இடைக்கச்சையை அனுப்பினார். அதைக் கட்டிய மறுநாள் காலையில் அவர் நிமிர்ந்து நின்றார். மடத் தலைவி வெர்கா தந்த துணியை உயிரோடிருந்தவரை உடுத்தாமல், அவர் அன்புக்காக அடக்கத்துக்கென்று எடுத்து வைத்தவர். அந்தத் தடையை இவர்மேல் சுமத்துவது பெரிய அநியாயம்.

லண்டனில் உள்ள 'கத்பர்ட் நற்செய்தி' அவர் படித்த புத்தகமா?

அப்படி நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. போய்சில் சாகும் தறுவாயில் இருந்தபோது, ஏழு கட்டுகள் கொண்ட யோவான் நற்செய்திச் சுவடியை நாளுக்கு ஒரு கட்டாக இருவரும் சேர்ந்து படித்து முடித்தார்கள். 1104இல் பேழைக்குள் கிடைத்ததும் யோவான் நற்செய்திதான். ஆனால் அந்தச் சுவடியில் 94 தாள்கள். அக்கால வழக்கப்படி ஒரு கட்டுக்கு 8 தாள் என்றால் ஏழு கட்டுக்கு 56தான் வரும். எழுத்தமைதியும் வேர்மத்–ஜாரோ மடத்தின் 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைக் காட்டுகிறது. கத்பர்ட் இறந்த பிறகு அவருக்குக் காணிக்கையாக வைத்தது. 138 மி.மீ. உயரம், 92 மி.மீ. அகலம், சிவப்பு ஆட்டுத்தோல் அட்டை. ஐரோப்பாவில் முதலில் கட்டிய கட்டுமானம் குலையாமல் நமக்குக் கிடைத்த மிகப் பழைய புத்தகம் இதுவே. 2012இல் பிரிட்டிஷ் நூலகம் 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

லிண்டிஸ்ஃபார்னுக்குத் திருப்பயணம் போகிறோம். கடலுக்குள் சாலை என்கிறார்களே, ஆபத்து உண்டா?

கவனமாகப் போனால் இல்லை. நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறிச் சாலையை மூடும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். எனவே நேற்று போனவர் சொன்ன நேரம் இன்று உதவாது. நார்தம்பர்லாந்து மாவட்ட நிர்வாகம் தேதிவாரியாகப் பாதுகாப்பு நேர அட்டவணை வெளியிடுகிறது. அந்தத் தேதிக்கு உரியதை மட்டும் பாருங்கள். பலத்த காற்று இருந்தால் தண்ணீர் முன்னதாகவே வரும், அட்டவணையின் ஓரத்து நிமிடங்களை நம்ப வேண்டாம். வண்டிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் "இன்னும் கொஞ்சம்தானே ஏறியிருக்கிறது" என்று இறங்கிவிடுவதால். சாலையின் தாழ்ந்த பகுதி போகும் வழியில் இருக்கிறது. தொடங்கும் இடத்தில் தெரியும் ஆழம் அங்கே இருக்காது.

மணல்வெளியில் நட்ட கம்பங்களை ஒட்டி நடப்பது பழைய வழி; சுமார் 5 கி.மீ., இரண்டு மணி நேரம் ஆகும். அட்டவணை சாலைக்கு உரியது, நடப்பவர்களுக்கு அவகாசம் அதைவிடக் குறைவு. நீர் வடியும்போதே கிளம்பி, வடிந்து முடியும் நேரத்துக்குள் மறுகரை சேர்ந்துவிட வேண்டும். கம்பத்தை விட்டு விலகினால் சேறு. முதியவர்கள், குழந்தைகள் இருந்தால் வண்டியில் போங்கள். திருப்பயணப் பலன் குறையாது.

தீவில் நிற்கும் சிவந்த கல் இடிபாடு 12ஆம் நூற்றாண்டு மடம், கத்பர்ட் நடமாடியது அல்ல. ஃபார்ன் தீவுக்குச் சீஹவுசஸ் துறையிலிருந்து படகு; ஆலாப் பறவைகள் குஞ்சு பொரிக்கும் மே முதல் ஜூலை வரை போனால் தலையில் கொத்தும், தடித்த தொப்பி வேண்டும். கல்லறை டரம் பேராலயத்தில், நடுப்பீடத்துக்குப் பின்னால். பெயர் மட்டும் பொறித்த எளிய கற்பலகை. பேழையும் சிலுவையும் அதே பேராலயத்து அருங்காட்சியகத்தில்.

மார்ச் 20 பெரும்பாலும் தவக்காலத்தில் வருகிறது. பங்கில் எப்படிக் கொண்டாடுவது?

அவர் உரோமைப் பொது நாள்காட்டியில் இல்லை. எனவே தவக்கால வார நாளில் அன்றைய திருப்பலிச் செபங்களும் ஊதா உடையுமே. மறையுரையிலும் நம்பிக்கையாளர் மன்றாட்டிலும் அவரை நினைவுகூரலாம். வீட்டில் நவநாள் செய்ய விரும்பினால் மார்ச் 11இல் தொடங்குங்கள். விரிவாகச் செய்ய ஆசையென்றால், உடல் இடம்மாற்றிய விழாவாக இங்கிலாந்தில் வழங்கும் செப்டம்பர் 4ஐ ஒட்டி, பொதுக்காலத்தில் கட்டாய நினைவு எதுவும் இல்லாத ஒரு வார நாளைப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். மேய்ப்பர்களுக்கான பொதுச் செபங்களைக் கொண்டு அன்று நேர்ச்சித் திருப்பலி வைக்க இயலும்.

இணையத்தில் அவருடைய திருப்பண்டம் என்று ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். திருப்பண்டங்களை விற்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 1190ஆம் பிரிவு முற்றிலும் தடை செய்கிறது. விலை போட்டிருப்பதே அது சரியில்லை என்பதற்கு அடையாளம்.

கத்பர்டின் திருப்பண்டங்கள் தொடக்கத்தில் எப்படிப் புழங்கின என்று பாருங்கள். அவருக்குப் பிறகு ஃபார்ன் குடிலில் வாழ்ந்த எத்தில்வால்ட், சுவர் இடுக்கில் காற்றடிக்காமல் கன்றுத் தோல் ஒன்றை ஆணியடித்து மாட்டினார். அடுத்து வந்த ஃபெல்கில்ட் காலத்தில் ஆயர் எட்ஃப்ரித் அந்தச் செபக்கூடத்தைப் புதுப்பித்தபோது, புனிதர்கள் இருந்த இடத்து நினைவாக ஏதாவது தாருங்கள் என்று பலர் கேட்டார்கள். ஃபெல்கில்ட் அந்தத் தோலைச் சிறு துண்டுகளாக நறுக்கினார். கேட்டவர்களுக்குக் கொடுக்கும் முன், தம் முகத்தில் நெடுநாளாக இருந்த சிவந்த வீக்கத்துக்காக ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்து, அந்தத் தண்ணீரால் முகம் கழுவினார். வீக்கம் வடிந்தது. மீதித் துண்டுகள் கேட்டவர்களுக்குப் போயின. அதற்கு யாரும் விலை கேட்கவில்லை.